லாரி என்று சொன்னவனும் நேரத்துக்கு வந்தவனும்

கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் என் நோட்டுப் புத்தகங்களைக் கேட்டிருந்தீர்கள். மூவரில் ஒருத்தி என் மகள். அவளுக்கென்று தனியாக எதுவும் சொல்லவில்லை, உங்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். நோட்டுகளைத் தருகிறேன். ஆனால் வெறும் நோட்டைத் தந்தால் அதில் நான் செய்த தப்பையும் நீங்கள் அப்படியே தூக்கிக்கொண்டு போவீர்கள். அதனால் இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு பத்தாவது வரைக்கும்தான். எழுத்து அங்கங்கே இடறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கால்பந்து கிளப்புக்கு மேனேஜராக வருவதற்கு முன்னால் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் நுழைந்தார் என்று எழுதுவதுதான் வேலை. தாமதமாக வந்த ஆளிடம் காரணம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது ஒரே வார்த்தை: "லாரி". துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எங்கள் ரோட்டில் வரிசை கட்டி நிற்பது உங்களுக்கே தெரியும். நின்றது உண்மைதான். ஆனால் நேரம் கழித்து எழுந்தவனும் லாரி என்றான், ராத்திரி சினிமாவுக்குப் போனவனும் லாரி என்றான். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வார்த்தை காதில் விழுவதே நின்றுபோனது. அந்தக் காதோடுதான் கிளப்புக்கு வந்தேன்.

எனக்கு முன்னால் மேனேஜராக இருந்தவர் போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று. "மேட்ச்சுக்கு ஒரு நோட்டு, பயிற்சிக்கு ஒரு நோட்டு போடு. பட்டியல் போடறப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு." அப்படியே செய்தேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பட்டியல் என்றால் என்ன என்பதை நீங்கள் இந்த வாரத்தில் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள். ஒரு டீம் தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு சீசனுக்கு இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் புள்ளிகளை வெட்டிவிடுவார்கள். அதனால் ஒருவன் நல்ல ஆட்டக்காரனா என்பது அந்த வாரத்தில் கேள்வியே இல்லை. அவனை வைத்துக்கொண்டால் யாரை அனுப்புவது என்பதுதான் கேள்வி. ஒப்பந்தம் நீட்டிக்கப்படுகிறவன் நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போகிறவன் விடுவிப்புக் கடிதத்தில் போட வேண்டும். விடுவிப்புக் கடிதம் வராவிட்டால் அவன் பழைய ஒப்பந்தம் அப்படியே நிற்கும், அவன் சம்பளமும் வரம்புக்குள் சேரும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் இரண்டு விதத் தாளும் சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் லீக் ஆபீஸுக்கு நேரில் போய்ச் சேர வேண்டும்.

நான் சொல்ல வந்த வருடத்தில் எல்லோரையும் முடிவு செய்த பிறகு ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. அதற்கு இரண்டு பேர்.

ஒருவன் டேனியல். ராயபுரத்துப் பையன், முன்வரிசை ஆட்டக்காரன். கோல் அடிப்பான். காலை ஆறு மணிப் பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்பே மைதானத்தில் இருப்பான். டைம் ஆபீஸ்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பாவைக் கூப்பிடுவது போல என்னை 'நைனா' என்று கூப்பிடுவான்.

இன்னொருவன் ஜீவா. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பம். நடு ஆட்டக்காரன். மேட்ச் நோட்டில் அவனைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே வரிதான் எழுதியிருந்தேன்: 'கடைசிக் கால் மணி நேரம் ஜீவா மட்டும் ஓடுகிறான்.' பயிற்சி நோட்டில் அவன் பக்கம் வேறு மாதிரி இருந்தது. 'தாமதம். கால் கனம். முதல் ஓட்டத்திலேயே மூச்சு வாங்குகிறான்.' அடுத்த நாளும் 'தாமதம். மூச்சு வாங்குகிறான்.' ஏன் லேட்டு என்று ஒரு தடவை கேட்டேன். "லாரி சார்" என்றான். சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

மேட்ச்சில் ஓடத் தெரிந்தவன் பயிற்சியில் ஓடவில்லை என்றால் அது திமிர் என்று முடிவு கட்டினேன். கிளப் தலைவர் அண்ணாச்சியும் சரி என்றார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ராயபுரத்தில் கப்பல் சாமான் மொத்த வியாபாரம். கடைசி நாள் காலை பத்து மணிக்கு அவர் கடையில் வைத்து டேனியல் நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டான்.

"நைனா, கன்பார்ம்தான? அம்மாகிட்ட சொல்லலாமா?"

"சொல்லு. ஸ்வீட்டு வாங்கினு போ" என்றேன்.

பட்டியல் லீக் ஆபீஸ் போய்ச் சேருவதற்கு முன்னால் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஜீவாவிடம் விடுவிப்புக் கையெழுத்து வாங்க ஆட்டோவில் எண்ணூருக்குக் கிளம்பினேன். எர்ணாவூர் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. ஒரு டிரைலர் அச்சு முறிந்து குறுக்கே நின்றது. இந்தப் பக்கமும் போக வழியில்லை, அந்தப் பக்கமும் இல்லை. கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு நோட்டுகளும் தாள்களும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தேன். தூசி, டீசல் புகை, தலைக்கு மேல் வெயில். ஓரமாக ஓர் அக்கா தள்ளுவண்டியில் டிரைவர்களுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். நானும் ஒரு சொம்பு வாங்கினேன். அவர் என் பையில் இருந்த கிளப் பெயரைப் பார்த்தார்.

"இன்னா சார், நீ ரன்னிங் பையன் டீமா?"

"எந்த ரன்னிங் பையன்?"

"அதான், காலைல இப்டிக்கா ஓடிகினு போவானே. தோள்ல பூட்ஸு தொங்கும். இதே பேருதான் அவன் சட்டைல போட்டுகீது."

பக்கத்தில் நின்ற ஒரு லாரி கிளீனர் சொம்பைக் கீழே வைத்தான். "அவனா? நாங்க ஒரே எடத்துல ரெண்டு நாளா நிக்கிறோம் சார். அவன் தெனம் எங்கள ஓவர்டேக் பண்ணிட்டு, டாட்டா வேற காட்டிட்டுப் போறான்."

"எங்கேந்து ஓடுறான்?"

"தோ, இந்த வளைவுலேந்துதான்" என்றார் அக்கா. "அவங்கம்மா நண்டுக் கூடை ஏத்திகினு லோடு ஆட்டோல வரும். இங்க வந்து மாட்டிக்கும். இவன் குதிச்சி ஓட ஆரம்பிச்சிடுவான். ஒருநா கூழ் குடிச்சிட்டுப் போடான்னேன். 'மேனேஜர் நோட்டுல எழுதிடுவாரு அக்கா'ன்னு சொல்லிட்டு ஓடுறான். யாரு சார் அந்த மேனேஜரு, ஈவு இரக்கம் இல்லாத ஆளா?"

அந்த வளைவிலிருந்து எங்கள் மைதானம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். அவன் அதை ஓடி முடித்துவிட்டு வந்துதான் என் முதல் ஓட்டத்தில் நின்றிருக்கிறான். மற்றவர்கள் தூக்கம் கலைந்து வந்து நிற்பார்கள், இவன் நான்கு கிலோமீட்டரைக் காலில் வைத்துக்கொண்டு நிற்பான். நான் அதைக் 'கால் கனம்' என்று எழுதினேன். மேட்ச் நாளில் கிளப் வேன் குப்பத்துக்கே போய் அவனை ஏற்றி வரும். அன்றைக்கு மட்டும் புதுக் காலோடு இறங்குவான். இரண்டு நோட்டிலும் எழுதியது உண்மைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் படித்த விதம்தான் பொய்.

மணி ஒன்றரை தாண்டியிருந்தது. மீதித் தூரத்தை நடந்தே போனேன்.

ஜீவா வீட்டு வாசலில் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"எங்க சார் சைன் போடணும்?" என்றான். செய்தி ஏற்கெனவே அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"இரு. எர்ணாவூர்லேந்து தெனம் ஓடித்தான் வர்றியா?"

"ஆமா சார்."

"ட்ரெய்ன்ல வரலாம் இல்ல?"

"அம்மாவால கூடைய ஒண்டியா ஏத்த முடியாது சார். ஏத்தி வுடறதுக்குள்ள ட்ரெய்ன் பூடும், அந்த வண்டிலயே வந்துடுவேன். லாரி நிக்காத நாள்ல டைமுக்கு வந்துகீறேன், நோட்டுல பாரு."

பார்த்தேன். அந்த நாட்களும் இருந்தன. நான் அவற்றை எழுதியிருந்தேன், கவனிக்கவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"லாரின்னு சொன்னேனே சார். எல்லாரும் சிரிச்சீங்க."

விடுவிப்புக் கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். எழுதாத நீட்டிப்புத் தாள் ஒன்றை எடுத்தேன். "இதுல போடு. ஆனா இது இன்னும் உறுதி இல்ல. அஞ்சு மணிக்கு அப்பால நானே போன் பண்ணுவேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டகூட."

காலையில் கற்றிருக்க வேண்டிய பாடத்தை மதியம்தான் கற்றேன்.

இது இரக்கத்தில் செய்த காரியம் என்று நினைக்காதீர்கள். அவன் கூடை தூக்கினான் என்பதற்காக நான் மாற்றவில்லை. டீமுக்கு அடுத்த சீசனில் தேவைப்பட்டது கடைசிக் கால் மணி நேரம் ஓடுகிற கால். அது யாரிடம் இருக்கிறது என்று என் மேட்ச் நோட்டே சொல்லியிருந்தது. வெறும் பாவம் பார்த்து ஒருவனுக்கு இடம் கொடுத்தால், இன்னொருவனைப் பாவம் பார்க்காமல் அனுப்ப வேண்டியிருக்கும். நீங்கள் அந்தக் கணக்கில் விழுந்துவிடாதீர்கள்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"என்னவே சொல்லுதீரு? காலைல அந்தப் பய எம் முன்னாடில்லா கையெழுத்து போட்டான்."

"ஆமா அண்ணாச்சி. என் தப்பு."

"உச்சவரம்புல ரெண்டு பேருக்கும் எடம் கெடையாது. தெரியும்லா?"

"தெரியும்."

"இப்போ மாத்துனா ஊரு சிரிக்கும்வே."

"மாத்தலேன்னா அடுத்த சீசன்ல மைதானத்துல சிரிப்பாங்க அண்ணாச்சி."

அந்தப் பக்கம் கடையில் யாரோ இரும்புச் சங்கிலியை இழுக்கும் ஓசை கேட்டது.

"சரி. பட்டியல்ல திருத்தினா நான் இனிஷியல் போடுதேன். ஆனா அந்தப் பயகிட்ட விடுவிப்புக் கையெழுத்து நீருதான் வாங்கணும். கடைப் பையன அனுப்ப மாட்டேன். போன்லயும் சொல்லக்கூடாது. மொகத்தப் பாத்து சொல்லணும்."

எண்ணூர் ஸ்டேஷனுக்கு நடந்து ரயில் பிடித்து ராயபுரத்தில் இறங்கினேன். டேனியல் வீட்டுச் சந்துக்குள் நுழையும்போது மணி மூன்றே முக்கால். அவன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, காலைலதான பாத்தே. அதுக்குள்ள தேடிகினு வந்துட்டே?"

"டேனியல், பட்டியல் மாறுது."

"எது?"

"உன் எடம்."

"வெளாடாத நைனா."

நான் சிரிக்கவில்லை. அவன் துணியைப் பைக் சீட்டின் மேல் வைத்தான். கூழ்க்கார அக்கா, லாரி, நான்கு கிலோமீட்டர், இரண்டு நோட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்ப டைமுக்கு வந்தது என் தப்பா நைனா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?"

"தப்பு என்னுது. அடி உனக்கு வுழுது."

"இத்த சொன்னா சரியாப் பூடுமா?"

"ஆவாது."

"பதினோரு மணிக்கு இன்னொரு டீம்லேந்து கூப்ட்டாங்க. நைனா சொல்லிட்டாரு, நான் இங்கதான் இருக்கேன்னு போனை வெச்சிட்டேன்."

அந்த டீம் மேனேஜர் எனக்குப் பழக்கம். அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டேன். டேனியலுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "இப்பதான் வேற பையன்கிட்ட சைன் வாங்கினேன் சார். ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லக்கூடாதா?" என்றார் அவர். டேனியல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் ஒரு விஷயத்தை நான் மறைத்திருக்கலாம். மறைக்கச் சொல்லி மனசும் சொன்னது. மணி நான்கு.

"ஒண்ணு சொல்லிடறேன். நீ இதுல கையெழுத்து போடலேன்னா உன் பழைய ஒப்பந்தம்தான் லீக்ல நிக்கும். ஜீவாவுக்கு எடம் கெடையாது. உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. தெரிஞ்சிகினு முடிவு பண்ணு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "குடு அந்த நோட்ட" என்றான்.

கொடுத்தேன். மேட்ச் நோட்டில் ஜீவாவின் பக்கத்தைப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் தன் பக்கத்தைத் தேடி எடுத்தான். விரல் வைத்து வரிவரியாகப் படித்தான். உள்ளே அவன் அம்மா யாரிடமோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"'எழுபது நிமிஷத்துக்கு மேல நின்றுவிடுகிறான்.' என்னப் பத்தியா?"

"ஆமா."

"மூணு எடத்துல எழுதிகீறே."

"ஆமா."

"இத்த எப்பனா என்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா ஓடியிருப்பேன் இல்ல? அவன்கிட்ட கேக்கல, என்கிட்ட சொல்லல. அப்புறம் இன்னாத்துக்கு இந்த நோட்டு?"

டைம் ஆபீஸில் எத்தனை வருடம் எழுதினேன். எவனும் என் நோட்டைக் கையில் வாங்கி என்னைக் கேள்வி கேட்டதில்லை. அவன் கேட்டான்.

அவன் கடிதத்தை வாங்கிப் பைக் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். எழுத்து நேராக இருந்தது. "அவனுக்காகப் போடல. வாணாம்னு நெனச்ச எடத்துல என்னால நின்னு வெளாட முடியாது. நீ கெளம்பு, உனக்கு லேட்டாவுது" என்றான்.

சந்து முனையில் திரும்பும்போது அவன் குரல் கேட்டது. "அம்மா, அந்த ஸ்வீட்ட பக்கத்து வூட்டுக்குக் குடுக்காத."

அண்ணாச்சி கடையில் இனிஷியல் வாங்கி, ஆட்டோ பிடித்து, லீக் ஆபீஸ் மேசையில் தாள்களை வைத்தபோது கடிகாரத்தில் ஐந்துக்கு நான்கு நிமிடம் இருந்தது. அங்கிருந்த குமாஸ்தா திருத்தத்தைப் பார்த்துவிட்டு, "கடைசி நிமிஷத்துல இன்னா சார் குழப்பம்?" என்றார். "லாரி" என்றேன். அவர் சிரித்தார்.

ஜீவா அடுத்த சீசன் முழுக்கக் கடைசி நிமிடம் வரைக்கும் ஓடினான். அதை வைத்து என் முடிவு சரி என்று சொல்ல மாட்டேன். அந்த சீசன் முழுக்க டேனியல் எந்த டீமிலும் இல்லை. லோடு வண்டி ஓட்டினான். என் முடிவில் அதுவும் இருக்கிறது. ஆறு மணிப் பயிற்சியை எல்லோருக்கும் ஏழாக மாற்றியதும் அந்த வருடம்தான். அதை முந்தின வருடமே செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நோட்டுகளை நீங்கள் திறக்கும்போது ஒன்றைப் பார்ப்பீர்கள். பாதிவரை என் எழுத்து மட்டும் இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தந்த ஆட்டக்காரனின் கையெழுத்து இருக்கும். வாரம் ஒரு தடவை பக்கத்தை அவனிடம் காட்டி, படிக்கச் சொல்லி, அவன் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு வாங்கிய கையெழுத்து. சண்டை வரும், நேரம் பிடிக்கும். பரவாயில்லை. கையெழுத்து இல்லாத பக்கங்களை நம்பாதீர்கள். அவற்றை எழுதியவன் யாரிடமும் எதையும் கேட்காதவன்.

டேனியலை உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்து அண்ணாச்சி போய் அழைத்து வந்தார். இப்போது உங்கள் மைதானத்தில் விசிலோடு நிற்கும் கோச் அவன்தான். பையன் யாராவது தாமதமாக வந்தால், "எந்தப் பக்கமா வந்தே?" என்றுதான் முதலில் கேட்கிறான். இன்றைக்கும் எல்லோருக்கும் பத்து நிமிடம் முன்பே வந்துவிடுகிறான். போன வாரம் நான் மைதானத்துக்கு வந்தபோது எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான், டீ வாங்கி வரச் சொன்னான், பேச்சில் ஒரு குறையும் இல்லை.

"உக்காருங்க சார்" என்றான். அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட அவன் என்னை நைனா என்று கூப்பிட்டதில்லை.